ஏழு நாளில் இமயம்: லடாக்கா, பூட்டானா, சிக்கிமா, காத்மாண்டுவா?

சித்தப்பா ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. இந்த அக்டோபரில் சித்தியோடு இமயமலைப் பக்கம் ஒரு வாரம் போய்வருவது என்று முடிவு செய்துவிட்டார். கோயில் இருக்க வேண்டும், புத்த மடாலயம் இருக்க வேண்டும், காலார நடந்து பார்க்க ஒரு பழைய ஊரும் இருக்க வேண்டும். இது மூன்றும்தான் அவர் ஆசை. டிராவல்ஸ்காரர்கள் கொடுத்த நான்கு பிளான்களை வாட்ஸப்பில் அனுப்பி, "இதுல எதுடா நல்லது? நீதான் எல்லா இடமும் போயிருக்கியே" என்று கேட்டார். லடாக், பூட்டான், சிக்கிம், காத்மாண்டு. நான் என் பங்குக்கு இமாசலப் பிரதேசத்துச் சம்பாவையும் சேர்த்து ஐந்தாக்கினேன்.

நான்கு பிளானிலும் ஒரு நாளைக்கு ஐந்து இடம், ஆறு இடம் என்று அடுக்கியிருந்தார்கள். குறுகிய பயணத்துக்கு இப்படி எண்ணிக்கை பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: பிடித்துப்போன இடத்துக்கு இன்னொரு முறை போக முடியுமா? காலையில் பார்த்த கோயிலைச் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி பார்க்கும்போதுதான் அது மனசில் உட்காருகிறது. வண்டியை விட்டு இறங்கி, போட்டோ எடுத்து, திரும்ப ஏறினால் எல்லா மடாலயமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சரி, முதலில் லடாக்.

லே விமான நிலையத்தில் இறங்கும்போதே சுமார் 3,250 மீட்டர் உயரத்தில் இருப்போம். நம்ம ஊட்டி 2,240 மீட்டர்தான். முதல் இரண்டு நாளை உடம்பு பழகுவதற்கென்றே ஒதுக்க வேண்டும், அதில் பேரம் கிடையாது. நான் போனபோது டூர் ஏற்பாடு செய்தவர் இறங்கிய அன்றே மூன்று மடாலயங்களைப் போட்டிருந்தார். நானும் தெரியாமல் தலையாட்டிவிட்டேன். இரண்டாவது மடாலயத்தின் படியிலேயே தலை பிளக்கிற மாதிரி வலி, பிறகு வாந்தி. மூன்றாம் நாள் வரை கட்டிலை விட்டு எழவில்லை. ஏழில் மூன்று போய்விட்டது. பிரஷர் மாத்திரை சாப்பிடும் சித்தப்பா டாக்டரைக் கேட்காமல் அங்கே டிக்கெட் போடவே கூடாது.

அப்படியும் ஒருவரை நான் லடாக் போகச் சொன்னால், அது ஆல்ச்சிக்காகத்தான் இருக்கும். லேயிலிருந்து மேற்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குள், சிந்து நதிக் கரையில் இருக்கும் கிராமம். மற்ற மடாலயங்கள் மலை உச்சியில் கோட்டை போல நிற்க, இது சமதளத்தில் மண் வீடுகளுக்கு நடுவே பதுங்கியிருக்கிறது. 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. அங்கே சும்ட்செக் என்ற மூன்றடுக்குக் கட்டடம். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே இருட்டு. கண் பழகியதும் மூன்று பக்கமும் மாடத்தில் மூன்று பெரிய போதிசத்துவர்கள், அதாவது புத்த நிலையை நோக்கிப் போகும் பௌத்த தெய்வங்கள், நிற்பது தெரியும். அவர்கள் தலை மேல்தளத்துக்குள் போய்விடுகிறது. கீழே நின்றால் நம் கண் எதிரே இருப்பது அவர்கள் இடுப்பில் கட்டிய வேட்டி. அந்த வேட்டியில்தான் அதிசயமே இருக்கிறது. அவலோகிதேசுவரர் வேட்டி முழுக்கக் காஷ்மீரத்து அரண்மனைகளும் கோயில்களும் விரலளவுச் சித்திரங்களாக. மைத்ரேயர் வேட்டியில் புத்தரின் வாழ்க்கை. மஞ்சுஸ்ரீ வேட்டியில் 84 சித்தர்கள். நமக்குப் பதினெட்டு மாதிரி அவர்களுக்கு எண்பத்து நான்கு. வரைந்தது காஷ்மீரத்து ஓவிய மரபில் வந்த கைகள். காஷ்மீரிலேயே அந்தக் காலத்து ஓவியம் இப்படி மிஞ்சவில்லை. உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது என்பது எனக்கு நல்லதாகவே பட்டது. போனை பையில் வைத்துவிட்டு ஒரு வேட்டியையே அரை மணி நேரம் பார்த்தேன்.

லேக்குப் பக்கத்துத் திக்சே மடாலயத்திலும் ஒரு இரவு தங்கலாம். விடியற்காலையில் கூரை மேல் நின்று துறவிகள் நீளக் கொம்பு ஊதுவார்கள். கிட்டத்தட்ட 15 மீட்டர் உயர மைத்ரேயர் சிலை அங்கேதான் இருக்கிறது. லேயின் பழைய ஊருக்கு மேலே 17ஆம் நூற்றாண்டில் செங்கே நம்கியால் என்ற அரசர் காலத்து ஒன்பதடுக்கு அரண்மனை நிற்கிறது. ஆனால் சித்தி கேட்கிற மாதிரி தினசரி பூஜை நடக்கும் பழைய கோயில் அங்கே கிடையாது. எட்டு, ஒன்பது நாள் இருந்து, ஓவியத்தில் ஈடுபாடும் இருந்தால் லடாக். ஏழு நாளுக்கு வேண்டாம்.

அடுத்து பூட்டான். டிராவல்ஸ்காரர் பிளானில் மிக அழகாக அச்சடித்திருந்தது இதுதான், அழகும் உண்மைதான். பாரோவுக்கு மேலே பாறை முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் தாக்சாங், அதாவது புலிக்கூடு மடாலயம், பௌத்த குரு பத்மசம்பவர் தியானம் செய்ததாகச் சொல்லப்படும் குகையில் 1692இல் கட்டப்பட்டது. 1998இல் தீயில் எரிந்து, மறுபடி அப்படியே எழுப்பினார்கள். 3,120 மீட்டர் உயரம். ஏற இரண்டு மூன்று மணி நேரம், கடைசியில் படிகள் இறங்கி ஏறுகின்றன. பாதி வழிவரை குதிரை கிடைக்கும், அதற்கு மேல் கால்தான். சித்தியின் முழங்காலை நினைத்து இந்த ஒரு வரியிலேயே பாதி முடிவாகிவிட்டது.

புனாகா கோட்டை வேறு விஷயம். போ சூ, மோ சூ என்று இரண்டு ஆறுகள் கூடும் முனையில் 1637–38இல் பூட்டானை ஒன்றுசேர்த்த சப்துருங் நவாங் நம்கியால் கட்டியது. கோட்டை, அரசு அலுவலகம், மடாலயம் மூன்றும் ஒரே மதிலுக்குள். ஒரு முற்றத்தில் கோப்போடு போகும் அதிகாரி, அடுத்த முற்றத்தில் பாடம் ஒப்பிக்கும் சின்னத் துறவிகள். பூட்டானைப் புரிந்துகொள்ள இந்த ஒரு இடம் போதும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தியர்களுக்கு ஓர் இரவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம். இரண்டு பேர், ஆறு இரவு என்றால் 14,400 ரூபாய் அறை, சாப்பாடு, வண்டி எல்லாவற்றுக்கும் முன்னாலேயே போய்விடும். நம் எல்லையூரான ஜெய்காவ் பக்கமிருந்து புந்ச்சோலிங் வழியாகத் தரையில் போனால் திம்பு சேர மலைப்பாதையில் ஐந்தாறு மணி நேரம். திம்பு, புனாகா, பாரோ என்று மூன்று ஊருக்கும் இடையில் கார்தான். ஒழுங்கும் சுத்தமும் அமைதியும் வேண்டுமென்றால் பூட்டானுக்கு ஈடில்லை. ஆனால் நாம் நினைத்தபோது கிளம்பி, நினைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பது அங்கே கொஞ்சம் கஷ்டம்.

சிக்கிமைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். கேங்டாக், நாதுலா, சோங்மோ ஏரி என்று போகும் வழக்கமான பிளானில் பண்பாடு என்பது ரும்டெக் மடாலயத்தில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். மேற்குச் சிக்கிம் மட்டும் போவதாக இருந்தால் வேறு கதை. யுக்சோமில் 1642இல் முதல் சோக்யாலுக்கு, அதாவது சிக்கிமின் முதல் அரசருக்கு, முடிசூட்டிய கல் மேடை இன்றும் மரத்தடியில் இருக்கிறது. பெல்லிங் பக்கத்தில் பழைய தலைநகர் ரப்தென்சேயின் இடிபாடுகள். காட்டுக்குள் நடந்து போக வேண்டும், போய்ச் சேர்ந்தால் எதிரே கஞ்சன்ஜங்கா. பெமயாங்சே மடாலயத்தின் மாடியில் பத்மசம்பவரின் சொர்க்கத்தை ஏழடுக்கு மரச்சிற்பமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், ஒரு துறவியின் ஐந்து வருட உழைப்பு. ஆனால் பாக்டோக்ரா விமான நிலையத்திலிருந்து எங்கே போனாலும் அரை நாள் ஜீப். 2023 அக்டோபரில் பனி ஏரி உடைந்து தீஸ்தாவில் வந்த வெள்ளம் அந்தப் பள்ளத்தாக்குச் சாலையை எப்படிக் கிழித்துப் போட்டது என்று எல்லோரும் பார்த்தோம். மழைக்காலம் முடிந்த கையோடு அந்த வழியை நம்பித் திரும்பும் விமானத்துக்கு டிக்கெட் போடுவதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

இமாசலத்து ஸ்பிதியில் 996இல் நிறுவிய தாபோ மடாலயம் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் போக வர சாலையே நான்கு நாளைத் தின்றுவிடும். ஏழு நாளுக்கு அதை யோசிக்கவே வேண்டாம்.

யாரும் கேட்காத சம்பாவை நான் ஏன் சேர்த்தேன் என்றால், கூட்டம் இல்லை, செலவு குறைவு, கோயில் அசலானது. பதான்கோட் வரை ரயில், அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர் பஸ்ஸோ காரோ. சம்பா ஊருக்கு நடுவிலேயே லட்சுமிநாராயணர் கோயில்கள் வரிசையாக நிற்கின்றன. உச்சியில் பனி வழிவதற்காக மரக்குடை கவிழ்த்த கல் விமானங்கள். சிவன் சன்னதியும் விஷ்ணு சன்னதியும் அடுத்தடுத்து. காலை மணியோசைக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் செம்பில் தண்ணீரோடு வருவார்கள். அங்கிருந்து மலை ஏறினால் பர்மோர். மேருவர்மன் என்ற அரசன் காலத்து, ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கும் மேலான பித்தளைச் சிலைகள் அங்கே இருக்கின்றன. லட்சணா தேவி சிலையின் பீடத்தில், வார்த்தவன் பெயர் குக்கா என்று எழுத்திலேயே இருக்கிறது. இந்தியக் கலையில் செய்தவன் பெயர் தெரிவது எவ்வளவு அபூர்வம்! அந்த எழுத்துக்கு முன்னால் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மடாலயத்துக்கு என்ன செய்வது? கீழே இறங்கித் தரம்சாலா போக வேண்டும். தலாய் லாமாவின் கோயில் அங்கே இருக்கிறது, வழியில் மஸ்ரூரில் பாறையைக் குடைந்த கோயிலும் பார்க்கலாம். ஆனால் சம்பாவுக்கும் தரம்சாலாவுக்கும் நடுவே வளைவு வளைவாக ஒரு நாள் போய்விடும். பர்மோர் சாலை சித்தப்பாவுக்குப் பிடிக்கும், சித்திக்குப் பிடிக்காது. இளவயதுக்காரர்கள் யாராவது என்னிடம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சம்பா என்று சொல்லியிருப்பேன்.

கடைசியாகக் காத்மாண்டுப் பள்ளத்தாக்கு. டிராவல்ஸ்காரர் பிளானிலேயே மோசமாகப் போட்டிருந்ததும் இதுதான். காத்மாண்டுவில் இரண்டு நாள், போக்ராவில் இரண்டு நாள், நடுவே சித்வான் காடு, முடிந்தால் முக்திநாத். பாதி வாரம் பஸ்ஸில் போய்விடும். அதையெல்லாம் அடித்துவிட்டு, ஏழு நாளும் பள்ளத்தாக்கை விட்டு வெளியே வரவேண்டாம் என்றுதான் நான் எழுதி அனுப்பினேன்.

காரணம் இதுதான். சுமார் 1,300, 1,400 மீட்டர் உயரம், மூச்சு வாங்காது. காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் என்று மூன்று பழைய தலைநகரங்கள். முதல் இரண்டுக்கும் நடுவே ஒரு ஆறுதான், பக்தபூர் சுமார் 13 கிலோமீட்டர் கிழக்கே. மல்லர் வம்சத்து அண்ணன் தம்பிக் கிளைகள் தனித்தனியாக ஆண்டு, யார் சதுக்கம் அழகு என்று போட்டி போட்டுக் கட்டியவை. மூன்று அரண்மனைச் சதுக்கங்கள், சுயம்புநாத், பௌதநாத் தூபிகள், பசுபதிநாதர், சாங்கு நாராயணர் என ஏழு இடங்களைச் சேர்த்து 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் வைத்தார்கள். பிடித்த இடத்துக்கு ஒரே நாளில் மூன்று முறைகூடப் போகலாம். நான் வைத்த கேள்விக்கு இங்கேதான் முழு மார்க்.

அதோடு, கோயில் வேறு மடாலயம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தையே இந்த ஊர் மாற்றிவிடும். பாட்டனில் தேர் இழுக்கும் தெய்வத்தை இந்துக்கள் மச்சேந்திரநாதர் என்கிறார்கள், பௌத்தர்கள் கருணாமயர், அதாவது அவலோகிதேசுவரர் என்கிறார்கள். தேர் ஒன்றுதான், வடத்தை எல்லோரும் சேர்ந்துதான் பிடிக்கிறார்கள். பாட்டன் சந்துக்குள் குவா பஹால் என்ற தங்க விகாரையில் பூசை செய்யும் தலைமைப் பொறுப்பு பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட ஒரு பையனிடம் இருக்கும். முப்பது நாள் முறை, பிறகு அடுத்த பையன். முற்றத்தில் ஆமைகள் ஊர்ந்துகொண்டிருக்கும், பார்த்துக் கால் வைக்க வேண்டும்.

பாட்டன் சதுக்கத்தைக் காலை ஆறு மணிக்குப் பார்க்க வேண்டும். மூலையில் மங்கா ஹிதி என்ற படிக்கிணறு போன்ற குளியல் துறை. 6ஆம் நூற்றாண்டில் அமைத்தது என்பார்கள். தெரு மட்டத்திலிருந்து நன்றாகக் கீழே இறங்கினால் மூன்று கல் மகர வாய்களிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. நான் போன அன்று ஒரு அம்மா பித்தளைக் குடத்தை நிரப்பினார், பின்னால் ஒரு பையன் மஞ்சள் பிளாஸ்டிக் கேனோடு நின்றான். குடம் நிரம்பும் சத்தம் உயர்ந்துகொண்டே போய், கழுத்தைத் தொட்டதும் நின்றது. அந்த அம்மா முதல் கை தண்ணீரை அள்ளி மகரத்தின் நெற்றியில் தெளித்துவிட்டுத்தான் குடத்தை இடுப்பில் வைத்தார். சில அடி தூரத்தில் கிருஷ்ணர் கோயில். 1637இல் சித்திநரசிம்ம மல்லர் என்ற அரசர் கட்டியது. செங்கல்லும் மரமுமான அந்த ஊரில் இது முழுக்கக் கல். சுற்றிலும் மகாபாரதமும் ராமாயணமும் ஊர் மொழியான நேவாரியில் எழுத்துக் குறிப்புகளோடு செதுக்கியிருக்கின்றன. கதை தெரிந்த நமக்கு எழுத்து தெரியாவிட்டாலும் காட்சி புரிந்துவிடும்.

பசுபதிநாதரில் சித்திக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. மூலவருக்குப் பூஜை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து வருகிறவர்கள். நான்கு திசைக்கும் நான்கு வாசல், லிங்கத்துக்கு நான்கு பக்கமும் முகம். தோல் பெல்ட்டு, பர்ஸ் உள்ளே கொண்டுபோகக் கூடாது. பாக்மதியின் அக்கரைப் படிகளில் சாயங்கால ஆரத்தி நடக்கும், இக்கரையில் சிதை எரிந்துகொண்டிருக்கும். மனசு தாங்காதவர்கள் காலைத் தரிசனத்தோடு திரும்பிவிடலாம்.

2015 ஏப்ரல் 25 பூகம்பத்துக்குப் பிறகு பார்க்க என்ன மிச்சம் என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. 7.8 அளவு, நாடு முழுக்க ஒன்பதாயிரம் பேர் அளவுக்கு உயிரிழப்பு. காத்மாண்டுவுக்கே பெயர் தந்த காஷ்டமண்டபம் தரைமட்டமானது. தோண்டிப் பார்த்தபோது அடித்தளம் எல்லோரும் நினைத்ததைவிடப் பழையது, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது. ஊர்க்காரர்கள் முன்னின்று, பழைய முறைப்படி மரத்தாலேயே கட்டி 2022இல் முடித்தார்கள். பக்தபூரின் ஐந்தடுக்கு நியாதபோலா, 1702இல் பூபதீந்திர மல்லர் கட்டியது, 1934 பூகம்பத்துக்கும் 2015க்கும் தரைமட்டமாகவில்லை. இன்றும் சில இடங்களில் சாரம் கட்டியிருப்பார்கள். தச்சர் உளியோடு உட்கார்ந்து தூணுக்குப் பூ செதுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிகிற பாரம்பரியச் சின்னம் வேறெங்கே கிடைக்கும்?

குறைகளும் உண்டு. காத்மாண்டுவில் தூசியும் வண்டிப் புகையும் அதிகம், மாஸ்க் எடுத்துப் போங்கள். சுயம்புநாத் கிழக்குப் பக்கம் 365 படி. சித்தி மாதிரி முழங்கால் வலிக்காரர்கள் மேற்குப் பக்கம் காரில் மேலே போய்விடலாம். நம் நவராத்திரி சமயத்தில் அங்கே வரும் தசைன் பண்டிகையின் முக்கிய நாட்களில் கடைகள் மூடியிருக்கும், எட்டாம் ஒன்பதாம் நாள்களில் பலி நடக்கும். அதைப் பார்க்க விருப்பமில்லாதவர்கள் தசைன் முடிந்து ஒரு வாரம் கழித்துப் போனால் வானமும் தெளிந்திருக்கும், மலையும் தெரியும்.

முக்திநாத் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் எல்லோரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். 108 திவ்யதேசத்தில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம். ஆசை வருவது இயல்பு. ஆனால் அது 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. போக்ராவிலிருந்து ஜோம்சோம் போகும் சின்ன விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கும். நேரம் ஆக ஆகக் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று பிய்த்துக்கொண்டு வீசும். மேகம் வந்தால் அன்றைக்கு ரத்து. இந்த ஏழு நாளுக்குள் அதைத் திணித்தால் இரண்டும் கெடும். தனியாகப் பத்து நாள் ஒதுக்கி, அதற்கென்றே ஒரு முறை போங்கள் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

ஆக, நான் போட்டுக் கொடுத்த கணக்கு: பாட்டனில் மூன்று இரவு, பௌதநாத்தில் ஒன்று, பக்தபூரில் இரண்டு. பௌதாவில் தூபியைப் பார்த்த மாதிரி அறை எடுத்தால், விடியலில் திபெத்தியப் பாட்டிகள் மணி உருட்டிக்கொண்டு வலம் வருவதோடு நாமும் சேர்ந்துகொள்ளலாம். பக்தபூரிலிருந்து ஒரு காலைப் பொழுதில் சாங்கு நாராயணர். அங்கே 464ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று தூணில் இருக்கிறது. கணவன் இறந்ததும் தீயில் இறங்கத் துணிந்த தாயை மகனான அரசன் மானதேவன் கெஞ்சித் தடுத்த கதை அதில் எழுதியிருக்கிறது. நேபாளம் போகப் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும், விசா வேண்டாம். ஆனால் ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். நம் நூறு ரூபாய்க்கு அவர்கள் பணம் 160. டெல்லியிலிருந்து போகும்போது விமானத்தில் இடதுபக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள், பனிமலை அந்தப் பக்கம்தான்.

பக்தபூரில் தங்கச் சொன்னதைச் சித்தப்பா முதலில் ஏற்கவில்லை. "பகல்ல போய்ட்டு வந்துடலாமே" என்றார். பகலில் அது கூட்டமான ஒரு சதுக்கம். சுற்றுலா வண்டிகள் சாயங்காலம் கிளம்பியதும் மண்சட்டியில் உறைந்த ஜுஜு தௌ தயிரை வாங்கிக்கொண்டு நியாதபோலாப் படியில் உட்கார்ந்தால் ஊர் திரும்பவும் ஊராகிவிடும். இருட்டியதும் தெருமுனை மண்டபங்களில் பெரியவர்கள் கூடுவார்கள். ஒரு மத்தளம், இரண்டு ஜோடித் தாளம், மடித்த ஏட்டில் பழைய பாட்டு. தாஃபா பஜனை என்று பெயர். மார்கழி முழுக்கத் தெருவில் பஜனை பாடிப் போகும் சித்தப்பா இதைக் கேட்டதும், "நம்மள உட்கார விடுவாங்களாடா?" என்றார். செருப்பைக் கீழே கழற்றிவிட்டுத் திண்ணை ஓரமாக உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எனக்குப் பாய் நுனியை இழுத்துப் போட்டார்கள்.